மாடு நிற்கும், குதிரை இழுக்கும்

ரிட்டயர் ஆன பிறகு ஆபீசிலிருந்து வருகிற போன் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். ஸ்டோர் ரூம் சாவி எங்கே சார், பழைய ரிஜிஸ்டர் எந்த அலமாரி சார். 'என் சட்டைப் பையில்தான் வைத்துக்கொண்டு திரிகிறேன்' என்று எரிந்து விழுந்துவிட்டு, பிறகு சொல்லுவேன். போன வாரம் விமலா போட்ட போன் அந்த ரகம் இல்லை. பாம்பூஃப்ளாட்டைத் தாண்டி நான் கடைசியாக வேலை பார்த்த சின்ன கால்நடை மருந்தகத்தில், என்னுடைய கம்பவுண்டர் நாற்காலியில் இப்போது இருப்பவள் அவள்.

"சார், அடுத்த கப்பல்ல மெயின்லேண்ட்லேர்ந்து ரெண்டு குதிரை வருது. பீச் பக்கம் ஒருத்தர் வாங்கியிருக்காரு. அவுத்துவிட்டு வளர்க்க இடம் அடைக்கணுமாம், வேலி எப்படிப் போடணும்னு கேக்குறாரு. நீங்க விட்டுட்டுப் போன நோட்டுல மாட்டு வேலி அளவு இருக்குல்ல, அதையே குடுத்துடட்டுமா?"

நான் போட்ட சத்தத்தில் அடுப்படியில் இருந்த என் மனைவி கரண்டியோடு ஓடி வந்துவிட்டாள். குடுக்காதே, அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போடு என்றேன். விமலாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நீங்க எழுதினதுதானே சார்? அப்ப நீங்களே புதுசா எழுதிக் குடுங்க" என்று போனை வைத்துவிட்டாள். சரியாகத்தான் சொன்னாள். அளவுகளை அரைப் பக்கத்தில் எழுதி அனுப்பிவிட்டேன். அந்த அளவுகள் எனக்கு எப்படிக் கிடைத்தன என்பது அரைப் பக்கத்தில் அடங்காது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் அப்பா மெயின்லேண்டில் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கடல் தாண்டி இந்தத் தீவுக்குக் கொத்து வேலைக்கு வந்தவர். நான் பிறந்தது இங்கேதான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் கம்பவுண்டர் பயிற்சிக்கு மெயின்லேண்டுக்கு அனுப்பினார்கள். மாட்டுக்கு மூக்கைப் பிடிப்பது, ஆட்டுக்கு மருந்து புகட்டுவது, பன்றியிடம் கடி வாங்காமல் ஊசி போடுவது, எல்லாம் ஒரு வருஷம். குதிரையைப் பற்றி ஒரே ஒரு மத்தியானம் பாடம் நடந்தது. அன்றைக்கு எனக்குக் காய்ச்சல்.

முதல் போஸ்டிங் ஹட் பே, தெற்கே இன்னொரு தீவு. கப்பலை விட்டு இறங்குவதற்குள் குடல் வாய்க்கு வந்துவிட்டது, அது வேறு கதை. அங்கே என் வேலையில் பாதி வேலிச் சண்டைதான். ஒருவர் மாடு இன்னொருவர் கத்தரிக்காயைத் தின்றுவிடும், இருவரும் மருந்தகத்து வாசலில் வந்து ஹிந்தியில் கத்துவார்கள். சலித்துப்போய் நானே முள்கம்பியும் கட்டிங் பிளையருமாகக் கிளம்பி வேலி போட்டுக்காட்ட ஆரம்பித்தேன். எத்தனை அடிக்கு ஒரு கம்பம், எத்தனை வரி கம்பி, எல்லாம் என் நோட்டில் ஏறியது. ஹட் பேயில் என்னை 'தார்வாலா' என்று கூப்பிட்டார்கள். கம்பிக்காரன் என்று அர்த்தம். ஊசிக்காரன் என்று கூப்பிட்டால் எனக்குக் கோபம் வரும், கம்பிக்காரன் என்றால் உள்ளுக்குள் குளிர்ந்துபோவேன்.

ஒன்றைக் கவனித்தேன். முள்கம்பியில் மாடு மாட்டிக்கொண்டால் அப்படியே நின்றுவிடும். நின்று 'அம்மா' என்று கத்தும். நாம் நிதானமாகப் போய்க் கம்பியை நறுக்கி விடுவிக்கலாம். இத்தனை வருஷத்தில் எந்த மாட்டுக்கும் கம்பியில் கால் போனதில்லை. அதனால் கம்பியைக் கண்டு எனக்குப் பயமே இல்லாமல் போயிற்று.

அங்கிருந்து பாம்பூஃப்ளாட் பக்கம் மாற்றல் ஆனதும் புதுத் தலைவலி, மான். ஹட் பேயில் இல்லாத தொல்லை. கூட்டமாக வந்து ஒரே ராத்திரியில் தோட்டத்தை மொட்டையடித்துவிடும். இங்கே எல்லாரும் செய்கிற வேலை ஒன்று உண்டு. மீன்பிடிப் படகுக்காரர்கள் கழித்துப்போட்ட நைலான் வலையை வாங்கி வேலி மேல் தொங்கவிடுவார்கள். மான் வலையைக் கண்டால் கிட்டே வராது. நானும் அதைக் கற்றுக்கொண்டு, முள்கம்பி மூன்று வரி, அதன் மேல் தரை வரைக்கும் வலை என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். கேட்டவர்களுக்கெல்லாம் அதைத்தான் சொன்னேன்.

அப்போது எனக்கு மேலதிகாரி டாக்டர் திர்க்கி மேடம். ராஞ்சியிலிருந்து காட்டு வேலைக்கு வந்து தங்கிவிட்ட குடும்பத்துப் பெண். குட்டையாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, பள்ளிக்கூட டீச்சர் மாதிரி இருப்பார். அவரிடம் ஒரு விசித்திரமான பழக்கம் உண்டு. மனுஷர்களை 'தும்', அதாவது நீ என்பார், மிருகங்களை 'ஆப்', தாங்கள் என்பார். உதைக்கிற பசுவிடம் போய், தாங்கள் காலை எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஹிந்தியில் மரியாதையாகக் கெஞ்சுவார். பக்கத்தில் கயிறு பிடிக்கிற எனக்கு, 'ஏய், ஒழுங்காகப் பிடி.' சத்தம் போட்டுத் திட்ட மாட்டார். ஒரு 'அச்சா' என்றால் நம் வேலை சரி. அடுத்தடுத்து இரண்டு 'அச்சா' வந்தால் பெரிய தப்பு செய்திருக்கிறோம். எனக்கு மாதத்துக்கு ஒரு தடவையாவது இரட்டை அச்சா கிடைக்கும்.

படிப்பு முடித்த கையோடு மெயின்லேண்டில் ஒரு குதிரைப் பண்ணையில் சில காலம் வேலை பார்த்ததாக ஒரு தடவை சொன்னார். இந்தத் தீவில் அதனால் என்ன லாபம் என்று நான் மனசுக்குள் சிரித்துக்கொண்டேன்.

அப்படியிருக்கும்போதுதான் நூர்ஜஹானின் குதிரை வந்தது. நூர்ஜஹானுக்கும் ஊர் ராமநாதபுரம் பக்கம்தான். வாப்பா ஜட்கா வண்டி ஓட்டியவர். கல்யாணமாகி இங்கே வந்தவள், புருஷன் தீவுகளுக்கு இடையில் ஓடுகிற கப்பலில் வேலை, மாதத்தில் பாதி நாள் கடலில்தான். அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே குதிரைப் பைத்தியம். கையில் இருந்ததையெல்லாம் போட்டு ஒரு செம்பழுப்புப் பெண் குதிரையைக் கப்பலில் வரவழைத்துவிட்டாள். பெயர் மைனா. பீச்சில் டூரிஸ்ட்டுகளை ஏற்றி நடத்துவது, கல்யாண ஊர்வலத்துக்கு மாப்பிள்ளையை ஏற்றுவது என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். சொந்தக்காரர்கள் வாயில் அடித்துக்கொண்டார்கள். ஒற்றைக் குதிரையை நம்பி ஒரு பொம்பளை தொழிலில் இறங்குவதா என்று.

மைனாவைப் பார்த்ததும் எனக்கே ஆசை வந்துவிட்டது. அவ்வளவு பெரிய கண்கள். என் சட்டைப் பையை மோந்து பார்த்து, உள்ளே இருந்த சீட்டைத் தின்றுவிட்டாள்.

"அண்ணே, எங்க வாப்பா குதிரை எப்பவும் கட்டிதான் கெடக்கும், இல்ல வண்டியில பூட்டியிருக்கும். பாவம், ஒரு நாள்கூட ஓடினதில்ல. இவள அவுத்து விட்டுதான் வளர்க்கணும்னு இருக்கேன். எடம் இருக்கு. வேலி எப்படிண்ணே போடுறது?"

டாக்டர் மேடம் அப்போது ஹட் பே முகாமுக்குப் போயிருந்தார். வரட்டும், கேட்டுச் சொல்கிறேன் என்று நான் சொல்லியிருக்கலாம். தார்வாலாவுக்கு வேலி விஷயத்தில் இன்னொருவரைக் கேட்பதா? நோட்டை விரித்தேன். முள்கம்பி மூன்று வரி, அதன் மேல் வலை. "மானும் வராது, நாயும் வராது, ஜம்முனு இருக்கும்" என்றேன். நானே கூட நின்று கட்டிக்கொடுத்தேன். கட்டிப்போட்ட குதிரையை மட்டும் பார்த்து வளர்ந்தவள் அவள். குதிரையே பார்க்காதவன் நான். நாங்கள் இரண்டு பேருமாகச் சேர்ந்து அந்த வேலியைப் போட்டோம்.

மூன்றாவது வாரம், காலையில் மழை விட்டிருந்த நேரம். போன் வந்தது. நூர்ஜஹான் பேசவில்லை, போனில் அலறல் மட்டும்தான். ஸ்கூட்டரில் பறந்தேன்.

பக்கத்துப் புதரிலிருந்து ஒரு மான் துள்ளியிருக்கிறது. மைனா மிரண்டு திரும்பியதில் பின்னங்கால் குளம்பு வலைக்குள் போய்விட்டது. அங்கேதான் எனக்குத் தெரியாத விஷயம் இருந்தது. மாடு நிற்கும், குதிரை இழுக்கும். ஏதோ ஒன்று காலைப் பிடித்துவிட்டது என்றால் புலி பிடித்த மாதிரிதான் அதற்கு. உயிரே போனாலும் இழுக்கும். கடலில் பெரிய மீனையே தாங்குகிற நைலான் அறுந்துவிடுமா? அறுந்தது அவள் கால். வலையை இழுக்க இழுக்க முள்கம்பியும் கழன்று கூடவே வந்து சுற்றிக்கொண்டது. நான் போனபோது காலைத் தூக்கியபடி நடுங்கிக்கொண்டு நின்றாள். தோல் கிழிந்து தொங்கியது, உள்ளே எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது.

பிளையரை எடுத்துக்கொண்டு பின்பக்கம் ஓடப்போனவன், நல்ல வேளை, டாக்டருக்கு முதலில் போன் போட்டேன். அவர் எதிர்க்கரையில், சாத்தம் படகுத்துறையில், இந்தப் பக்கம் வருகிற ஃபெரிக்கு நின்றுகொண்டிருந்தார்.

"கம்பியைத் தொடாதே செல்வராஜ். இப்ப வெட்டினா அந்தக் கம்பியோடயே ஓடுவாங்க, மிச்ச மூணு காலும் போயிடும். பின்னாடி போகாதே. தலைகிட்ட போ. கண்ணைக் கட்டு. பேசிக்கிட்டே இரு. நான் வரேன்."

அவருடைய தமிழும் ஹிந்தியும் கலந்த அந்தப் பேச்சு இன்னும் காதில் இருக்கிறது. நூர்ஜஹான் துப்பட்டாவை எடுத்து மைனாவின் கண்ணைக் கட்டினாள். கண் மறைந்ததும் இழுப்பது நின்றது. இரண்டு பேரும் தலைப்பக்கம் நின்றோம். அவள் குதிரையின் காதில் என்னென்னவோ ஓதிக்கொண்டும் கொஞ்சிக்கொண்டும் இருந்தாள். நடுவில் என் பக்கம் திரும்பாமலேயே சொன்னாள்.

"நீங்க சொன்ன வேலிதானேண்ணே."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. ஃபெரி வந்துசேர்கிற வரைக்கும் அந்த வார்த்தையோடுதான் நின்றேன்.

டாக்டர் வந்தார். மயக்க ஊசி போட்டு, தலை தொங்குகிற வரை காத்திருந்தார். அவசரமே இல்லை. கம்பியை முதலில் கம்பத்துப் பக்கம் நறுக்கச் சொன்னார், நறுக்குவதற்கு முன் இரண்டு பக்கமும் காலால் மிதித்துக்கொள்ளச் சொன்னார், இழுத்துக் கட்டிய கம்பி பாம்பு மாதிரி எகிறும் என்பதால். பிறகு வலையை வெளியிலிருந்து உள்ளே, ஒவ்வொரு கண்ணியாக. குளம்பை ஒட்டியதைக் கடைசியில்தான் வெட்டினார். "ஆப் பஹுத் ஹிம்மத்வாலி ஹைன்" என்று மைனாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். தாங்கள் மிகவும் தைரியசாலி என்று.

ரத்தத்துக்கு அழுத்திக் கட்டிவிட்டுச் சேற்றிலேயே குப்புறப் படுத்துக்கொண்டு காலைப் பார்த்தார். கொதிக்க வைத்து ஆற்றிய உப்புத் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றிக் கழுவினோம். எழுந்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நூர்ஜஹானிடம் சொன்னார். காலுக்குப் பின்னால் ஓடுகிற நார் அறுந்திருந்தால் இப்போதே எல்லாம் முடிந்திருக்கும். அது தப்பியிருக்கிறது. முன்னால் ஓடுகிற நார்தான் போயிருக்கிறது. அதனால் குளம்பு முன்பக்கம் மடங்கும். நாற்பது நாள் நேராகப் பிடித்துவைத்தால் புது நார் மாதிரி ஒன்று வளர்ந்து கால் ஊன்றலாம். சீழ் பிடித்தாலோ, நாற்பது நாளுக்குப் பிறகும் மடங்கினாலோ, மைனாவை வலியில்லாமல் அனுப்பிவைக்க வேண்டியதுதான். மூன்று காலில் குதிரை வாழாது.

நூர்ஜஹான் தலையை மட்டும் ஆட்டினாள்.

பிறகு டாக்டர் வேலியைப் பார்த்தார். "யே ஜால் கிஸ்னே போலா?" இந்த வலையை யார் கட்டச் சொன்னது?

நூர்ஜஹான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. "நான்தான் மேடம். மாட்டுக்குப் போடுற வேலி. நான்தான் கட்டினேன்" என்றேன். நாற்பத்தெட்டு வயசு ஆள், சேற்றில் நின்று அழுதேன்.

"அச்சா" என்றார். கொஞ்சம் கழித்து, "அச்சா." பிறகு, "அழுதது போதும். நாலு இஞ்ச் பைப் எங்கயாவது கிடைக்குமா பாரு. கால் வைக்கிற நீளத்துக்கு வெட்டி, நெடுக்க ரெண்டா பிள. ஓரம் கையைக் கிழிக்கக் கூடாது, நல்லா அராவிக் கொண்டு வா."

தண்ணீர்க் குழாய் பைப்தான் மைனாவுக்குக் காலணியாக ஆனது. தையல் போட்டு, டெட்டனஸ் ஊசி குத்தி, பஞ்சு சுருள் சுருளாக வைத்துக் கட்டி, பாதிப் பைப்பை முன்பக்கம் வைத்து இறுக்கினோம். நல்ல காலுக்கும் ஒரு கட்டு, எல்லா பாரமும் அதில்தானே விழும் என்று. சின்னக் கொட்டடியில் நிறுத்தினோம். இரண்டு நாளைக்கு ஒரு தடவை கட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அந்த வேலையை டாக்டர் என்னிடமே கொடுத்தார். வேண்டுமென்றேதான் கொடுத்தார் என்று எனக்குத் தெரியும்.

நூர்ஜஹான் என்னோடு நேராகப் பேசுவதில்லை. குதிரை மூலமாகப் பேசினாள். "மைனா, ஒங்க மாமா வந்திருக்காரு. காலக் காட்டு. டீ வேணுமான்னு கேளு." நானும் மைனாவைப் பார்த்தே, சக்கரை கம்மியா என்பேன். வெளியிலிருந்து யாராவது பார்த்தால் சிரித்திருப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இங்கேயுள்ள புழுக்கத்தில் புண்ணில் சதை அதிகமாகப் பொங்கும், ஈ மொய்க்கும். பன்னிரண்டாம் நாள் கட்டைப் பிரித்தபோது ஒரு வாடை வந்தது. டாக்டர் ஃபெரி பிடித்து வந்து மோந்து பார்த்துவிட்டு, கெட்ட சதையைச் சீவி எடுத்து, மருந்தை மாற்றினார். அன்றைக்கு வீட்டில் நான் சாப்பிடவில்லை.

இருபதாம் நாள் சிவப்பாக நல்ல சதை மூடியது. முப்பதாம் நாள் டாக்டர் வந்து பைப்பை எடுத்துவிட்டு ஒரு அடி நடத்திப் பார்த்தார். குளம்பு மடங்கியது. இன்னும் பத்து நாள் இருக்கிறது என்றார். அந்தப் பத்து நாளும் என் மனைவி, நீங்களும் குதிரை மாதிரியே தூக்கத்தில் காலை உதைக்கிறீர்கள் என்று புலம்பினாள்.

நாற்பதாம் நாள் மறுபடி பைப்பை எடுத்தோம். நூர்ஜஹான் கயிற்றைப் பிடித்து நடத்தினாள். முதல் அடி, தட்டுத் தடுமாறி. இரண்டாவது அடியில் குளம்பு தட்டையாக மண்ணில் பதிந்தது. மூன்றாவதும் பதிந்தது. கொட்டடியை ஒரு சுற்று சுற்றி வந்தார்கள். டாக்டர் ஒரே ஒரு 'அச்சா' சொன்னார். அந்த ஒற்றை அச்சாவுக்காக நான் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் சேற்றில் நிற்பேன்.

ஆனால் நூர்ஜஹான் கேட்டது வேறு. "டாக்டரம்மா, இனிமே இவளக் கட்டிதான் போடணுமா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். "ஏ தார்வாலா, வேலி போடுவியா?"

கம்பியையும் வலையையும் ஒரு துண்டு விடாமல் பொறுக்கி எடுத்தேன். கம்பத்துக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் சௌல்தாரி கிராமத்திலிருந்து பாக்குமரம் வந்தது. பிளந்த ஓரங்களைக் குளம்பு அராவுகிற அரத்தாலேயே அராவினேன். சட்டங்களைக் கம்பத்துக்கு உள்பக்கமாக அடித்தோம். குதிரை சாய்ந்தால் சட்டம் கம்பத்தோடு இறுகும், வெளிப்பக்கம் அடித்தால் ஆணியோடு பிடுங்கிக்கொண்டு போய்விடும். ஓடும்போது தோளும் கம்பத்தில் இடிக்காது. மூலைகளை வளைவாக்கினோம், முட்டிக்கொண்டு நின்றுபோக இடமில்லாமல். கேட்டுக்கும் கம்பத்துக்கும் இடையே தலையோ குளம்போ நுழைகிற சந்து இருக்கக் கூடாது. மேல் சட்டத்துக்கு வெள்ளை அடித்தோம், தூரத்திலிருந்தே அவள் கண்ணுக்குத் தெரியட்டும் என்று. மானுக்கு வேறு வேலி, நாலு கஜம் வெளியே தள்ளி.

எல்லாம் முடிந்தது என்று நான் கையைத் தட்டினேன். டாக்டர் நூர்ஜஹானிடம் ஒரு பழைய நூல்சேலை கேட்டார். என்னிடம் கொடுத்து, வேலி முழுக்க உள்பக்கமாக இழுத்துக்கொண்டே நடக்கச் சொன்னார். முதல் சுற்று முழங்கால் உயரம், இரண்டாவது நெஞ்சு, மூன்றாவது கண். எங்கே நூல் சிக்குகிறதோ அங்கே குதிரையின் தோலும் சிக்கும். நான் உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்தேன். பதினேழு இடத்தில் சிக்கியது. அடேயப்பா, நான் மணிக்கணக்காக அராவிய வேலி!

"அண்ணே, அங்கன ஒரு ஆணி நீட்டிக்கிட்டிருக்கு பாருங்க" என்று பின்னாலிருந்து குரல். திரும்பிப் பார்த்தேன். மைனா கொட்டடியில் இருந்தாள். நூர்ஜஹான் என்னிடம்தான் பேசியிருந்தாள். நான் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் சுத்தியலை எடுத்து அந்த ஆணியை அடித்தேன். மறு சுற்றில் சேலை எங்கேயும் சிக்கவில்லை.

உடனே அவிழ்த்து விடவில்லை. மூன்று நாள் பகல் வெளிச்சத்தில் நூர்ஜஹான் கயிற்றோடு மைனாவை வேலி ஓரமாகவே நடத்தினாள். ஒவ்வொரு கம்பத்திடமும் நிறுத்தி மோந்து பார்க்க விட்டாள். நாலாம் நாள் காலை, டாக்டர் வந்ததும், தலைக்கயிற்றையும் கழற்றச் சொன்னார். கயிறு கம்பத்தில் மாட்டினாலும் அதே கதைதான் என்றார்.

மைனா கொஞ்ச நேரம் புரியாமல் நின்றாள். இரண்டு வாய் புல் தின்றாள். அப்போது கீழே படகுத்துறையில் ஃபெரி ஹாரன் அடித்தது. தலையைத் தூக்கினாள். அடுத்த நொடி பாய்ந்தாள். சரிவில், கடல் பக்கத்து வேலியை நோக்கி, நேராக. நாற்பது நாளுக்கு மேல் அடைபட்டுக் கிடந்த உடம்பு முழு வேகத்தில் போனது. நூர்ஜஹான் "மைனா!" என்று கத்தினாள். என் வேலி. மறுபடியும் என் வேலி. நான் கண்ணை மூடிக்கொண்டேன். குளம்புச் சத்தம் மட்டும் கேட்டது. மரம் முறிகிற சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.

யாரோ என் கையைப் பிடித்து உலுக்கினார்கள்.

"அண்ணே, கண்ணத் தொறங்கண்ணே. வேலியப் பாத்துத் திரும்பிட்டா."